அச்சிட்ட நூலும் திருத்தச் சீட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மை அழைத்து, நம் சங்கத்தின் இணையத்தளத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லும்படி பணித்தனர். நாம் பொறியாளர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வில் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் கழித்து வருகிறோம். எனினும், அத்தளத்தைப் பேணும் பொறுப்பு சில ஆண்டுகளாக நம் கையில் இருந்து வருகிறது. அப்பணியில் நாம் செய்த பிழை ஒன்று நமக்குப் பெரும் பாடமாயிற்று. அந்தப் பாடம் மற்றவர்க்கும் பயன்படட்டும் என்றே துணிந்து பேச முன்வந்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: மக்கள் நாள்தோறும் வந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இணையத்தளத்தை, அவர்களுக்கு இடையூறு நேராமல் திருத்துவதும் புதுப்பிப்பதும் எவ்வாறு?

“இஃது ஓரிருவர் செய்யும் வேலை, எங்களுக்கு எதற்கு?” என்று சிலர் நினைக்கலாம். நம் தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் படிவம் அதில் இருக்கிறது. இரத்தம் கொடுக்க முன்வந்த அன்பர்களைத் தொடர்பு கொள்ளும் வழி இருக்கிறது. பொங்கல் விழாவுக்குப் பதிவு செய்வதும் அதிலேதான். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரிலிருந்து இந்நகரத்து மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்காக வருவோர்க்குத் தங்க இடமும் மொழிபெயர்க்க ஆளும் கிடைக்கும் தொலைபேசி எண்கள் அதிலேதான் இருக்கின்றன. மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் இரயிலை விட்டு இறங்கும் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பக்கமே நம் சங்கத்தின் வாசற்கதவு. அக்கதவு திறவாமற் போனால் என்ன நேரும் என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

முதலில் இத்தளம் எதனால் ஆனது என்பதைச் சொல்லிவிடுவோம். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளின்மீது இது கட்டப்பட்டிருக்கிறது. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனை வெளியிட்டனர். யாரும் கட்டணமின்றி எடுத்து ஆளலாம், திருத்தலாம் என்னும் உரிமத்தோடு வந்தமையால், உலகெங்கும் சிறு சங்கங்களும் பள்ளிகளும் அதனையே பெரிதும் பயன்படுத்துகின்றன. நாம் எழுதும் செய்திகள் யாவும் தரவுத்தளம் என்னும் பெட்டகத்தில் தங்குகின்றன. அச்செய்திகள் எந்த நிறத்தில், எந்த எழுத்துருவில், எவ்வரிசையில் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ‘தீம்’ எனப்படும் கோப்புத் தொகுதி. செய்தியை உடலாகக் கொண்டால் தீம் அதன் உடை. 2005-இல் வெளிவந்த 1.5 என்னும் பதிப்பிலிருந்து இம்முறை வழக்கில் இருந்து வருகிறது.

அந்தத் தீமை நாம் ஏன் தொட நேர்ந்தது? ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட தீம் அது. அதில் தலைப்புகளுக்கு விடப்பட்டிருந்த வரி இடைவெளி மிகக் குறுகியது. ஆங்கில எழுத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. ‘கி’, ‘கீ’ என்னும் எழுத்துகளின் மேற்சுழியும், ‘கு’, ‘கூ’ என்பவற்றின் கீழ்வளைவும் வெட்டுண்டு தோன்றின. ‘மீனாட்சி’ என்று எழுதினால் ‘மானாட்ச’ போலத் தெரிந்தது. ஆதலின் தீமின் பாணிக் கோப்பைத் திறந்து, வரி இடைவெளியை 1.2 என்பதிலிருந்து 1.7 ஆக உயர்த்தினோம். தமிழுக்கு ஏற்ற எழுத்துரு ஒன்றைச் சேர்த்தோம். இவ்வாறே சிறுகச் சிறுக அறுபது எழுபது திருத்தங்கள் செய்துவிட்டோம். எங்கே, எதனை, எதற்காக மாற்றினோம் என்பதை மட்டும் எங்கும் குறித்து வைக்கவில்லை.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாட்காலை தளத்தைத் திறந்தால், எழுத்துகள் மீண்டும் தலை வெட்டுண்டு நின்றன. யாரோ கெடுத்துவிட்டார்கள் என்றே முதலில் ஐயுற்றோம். கெடுத்தவர் எவரும் இலர். அந்தத் தீமைச் செய்தவர்கள் அதன் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தனர். தீம்கள் தாமே புதுப்பித்துக்கொள்ளும் வசதி வேர்ட்பிரஸில் 2020-இல் வந்தது; நம் தளத்தில் அது இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. புதிய பதிப்பு வந்தால் பழைய கோப்புகள் அனைத்தும் நீங்கிப் புதியவை அவற்றின் இடத்தில் அமரும். நம் திருத்தங்களும் பழைய கோப்புகளோடு போயின.

பொங்கல் விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. 2023 சனவரியில், விழாவுக்கு முந்திய வாரம் ஓர் இரவு பதினொரு மணிக்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ‘ஃபங்ஷன்ஸ்’ என்று பெயர் கொண்ட கோப்பில் நான்கு வரிகள் சேர்க்க வேண்டியிருந்தது. அது பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. தளத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்கப்படுவது. நண்பர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பியிருந்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டினோம். வழியில் எங்கேயோ நேரான மேற்கோட்குறிகள் அழகுக்காக வளைந்த மேற்கோட்குறிகளாக மாறியிருந்தன. மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல்மொழிக்கோ அவை வெவ்வேறு. சேமித்த மறுகணமே தளம் முழுவதும் மறைந்து, கடுமையான பிழை நேர்ந்துள்ளது என்னும் ஒற்றை வரி மட்டும் நின்றது. நிர்வாகப் பக்கமும் திறக்கவில்லை. அதற்கும் அக்கோப்பே தேவையன்றோ?

வேர்ட்பிரஸ் இதற்குக் காவல் வைக்காமல் இல்லை. அதன் உள்ளேயே இருக்கும் திருத்துபலகையில் எழுதியிருந்தால், தளத்தை நிறுத்திவிடும் பிழையைக் கண்டதும் அது பழையபடி மாற்றிக்கொள்ளும். 2017-இல் வந்த 4.9 பதிப்பு முதல் அந்த ஏற்பாடு உண்டு. நாமோ சேவையகத்தின் கோப்பு மேலாளர் வழியாக, பக்கவாட்டில் நுழைந்து எழுதினோம். 2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல் இன்னொரு காவலும் உண்டு: இவ்வாறு தளம் வீழ்ந்தால், மீட்பு வழியில் உள்ளே நுழைய ஓர் இணைப்பை நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அது அனுப்பிவைக்கும். அன்றும் அனுப்பத்தான் செய்தது. ஆனால் நிர்வாகி என்று பதிவாகியிருந்த அன்பர் இரண்டாண்டுகளுக்கு முன்பே மாற்றலாகி வேறு ஊர் சென்றுவிட்டார். அந்த நள்ளிரவில் அவர் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

மாற்றுவதற்கு முன் பழைய கோப்பின் நகலை எடுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். நகல் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குத்தான் தளம் மீண்டும் எழுந்தது.

அந்த ஐந்து மணி நேரத்துக்குள் ஒரு குடும்பம் நம் நிலையத்தில் வந்து இறங்கியது. தாயின் அறுவை சிகிச்சைக்காக மகனும் மருமகளும் அழைத்து வந்திருந்தனர். சங்கத்தின் தளத்தில் எண் இருக்கிறது, இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊரில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தால் பிழை என்னும் ஒற்றை வரி. சனவரி மாதத்து வடநாட்டுக் குளிர் உங்களுக்குத் தெரியாததன்று. அந்த அம்மையார் ஒரு போர்வையோடு நடைமேடையில் அமர்ந்திருந்தார். விடிந்தபின், பணிக்கு வந்த நம் காலனி அன்பர் ஒருவர் தமிழ்ப் பேச்சைக் கேட்டு நின்று விசாரித்து அழைத்து வந்தார். சிகிச்சை நன்றே முடிந்தது. அவர்கள் நம்மைக் குறைகூறவும் இல்லை. “தளம் ஏதோ பழுது போலும் ஐயா” என்று மட்டுமே சொன்னார்கள். பழுது தளத்தில் இல்லை, நம் கையில்தான் இருந்தது என்று அவர்களிடம் சொல்ல அன்று நமக்கு நா எழவில்லை. இன்று இம்மேடையில் சொல்லுகிறோம்.

இனி, அன்றுமுதல் நாம் கைக்கொண்டு வரும் முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, அச்சிட்ட நூலில் அடித்து எழுதலாகாது. நம் அலுவலக விதிநூல்களில் மாற்றம் வந்தால் என்ன செய்கிறோம்? பேனாவால் அச்செழுத்தை அடித்துத் திருத்துவதில்லை. எண்ணும் தேதியும் இட்ட திருத்தச் சீட்டு வருகிறது. கரெக்ஷன் ஸ்லிப் என்று வழங்குகிறோமே, அதுதான். அதனை உரிய இடத்தில் ஒட்டிவைக்கிறோம். படிப்பவர் அச்சிட்டதையும் காண்பர், திருத்தத்தையும் காண்பர்; திருத்தமே செல்லும். வேர்ட்பிரஸில் இதற்கு நேரான ஏற்பாடு ‘சைல்டு தீம்’ என்பது. சேய்த் தீம் என்று நாம் சொல்லலாம். தனியே ஓர் உறை அமைத்து, அதிலுள்ள பாணிக் கோப்பின் தலைப்பில், தன் தாய்த் தீம் இன்னதென்று ‘டெம்ப்ளேட்’ என்னும் வரியில் குறித்துவிட வேண்டும். திருத்தங்கள் எல்லாம் அந்த உறையிலேயே இருக்கும். பக்க அமைப்புக் கோப்பு ஒன்று சேயிடத்தில் இருந்தால் அதுவே ஆளப்படும். இல்லையேல் தாயினுடையது ஆளப்படும். ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பு மட்டும் விலக்கு: சேயினுடையது முதலிலும், தாயினுடையது அடுத்தும், இரண்டுமே படிக்கப்படும். ஆதலின் தாயின் கோப்பை முழுதும் நகலெடுத்துச் சேயில் வைத்தல் தவறு. புதிதாகச் சேர்ப்பவற்றை மட்டுமே எழுதல் வேண்டும். இவ்வாறு செய்தால், தாய்த் தீமுக்கு எத்தனை புதிய பதிப்பு வந்தாலும் நம் திருத்தங்கள் அழியா.

வரி இடைவெளி போன்ற சிறு மாற்றங்களுக்கு இதுகூட வேண்டுவதில்லை. தளத்தின் தோற்ற அமைப்புப் பகுதியில், கூடுதல் பாணி விதிகளை எழுதவென்றே ஓர் இடம் 2016 முதல் இருக்கிறது. அங்கே எழுதுவது தரவுத்தளத்தில் தங்குவதால் புதுப்பித்தலால் அழியாது. ஆனால் வேறு தீமுக்கு மாறினால் அது உடன் வாராது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 2022-இல் வந்த 5.9 பதிப்பு முதல், புதுவகைத் தீம்களில் கோப்பைத் தொடாமலே பெரும்பாலான தோற்ற மாற்றங்களைத் திரையிலேயே செய்யலாம். கோப்பைத் தொடாமல் முடியும் வேலைக்குக் கோப்பைத் தொடாதிருப்பதே நலம்.

இரண்டாவது, நகலின்றி எதையும் தொடலாகாது. கோப்புகளுக்கு ஒரு நகல், தரவுத்தளத்துக்கு ஒரு நகல், ஆக இரண்டும் வேண்டும். கோப்பு மட்டும் இருந்தால் உடை இருக்கும், உடல் இராது. அந்நகலைத் தளம் இருக்கும் சேவையகத்திலேயே வைத்திருத்தல், பீரோவின் மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதை ஒக்கும். வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் அந்நகலிலிருந்து தளத்தை ஒரு கணினியில் எழுப்பிப் பார்ப்பதும் கடமை. எழுப்பிப் பாராத நகலை நம்பியிருத்தல், திரி உண்டா என்று பாராமல் விளக்கை நம்பி இருட்டில் இறங்குவது போன்றது.

மூன்றாவது, மேடை ஏறுமுன் ஒத்திகை. நம் பிள்ளைகள் ஆண்டு விழா நாடகத்தை ஒரு மாதம் ஒத்திகை பார்க்காமலா மேடையேற்றுகிறோம்? தளத்தின் முழு நகலைப் பொதுமக்கள் பாராத தனி இடத்தில் வைத்து, திருத்தத்தை அங்கே செய்து பார்க்க வேண்டும். ‘ஸ்டேஜிங்’ என்று இதனைச் சொல்லுவர். வாடகைக்கு இடம் தரும் நிறுவனங்கள் பல இவ்வசதியைத் தருகின்றன. இல்லையெனில் வீட்டுக் கணினியிலேயே கட்டணமின்றி அமைத்துக்கொள்ளலாம். அங்கே கைப்பேசியிலும் கணினியிலும் பார்த்து, படிவங்களையும் நிரப்பிப் பார்த்து, தமிழ் எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்றும் நோக்கி, பின்னரே மெய்த்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. கொண்டுவரும்போது மாற்றிய கோப்புகளை மட்டுமே கொண்டுவருக. ஒத்திகைத் தளத்தின் தரவுத்தளத்தைக் கொண்டுவந்து மேலே கவிழ்த்துவிடாதீர்கள். கவிழ்த்தால், ஒத்திகை நடந்த நாட்களில் மெய்த்தளத்தில் பதிவு செய்தவர்களின் பெயர்கள் அத்தனையும் மறைந்துபோகும்.

நான்காவது, ஒரு வேளைக்கு ஒரு திருத்தம். பத்து மாற்றங்களை ஒருசேரச் செய்து தளம் வீழ்ந்தால், வீழ்த்தியது எது என்று எப்படி அறிவது? தண்டவாளத்தில் வேலை செய்வோர் ‘பிளாக்’ பெறாமல் அதைத் தொடுவதில்லை. பெரிய வேலையானால், முடிந்தவுடன் முதல் வண்டியை முழு வேகத்தில் விடுவதும் இல்லை. அதுபோலவே நாமும் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் கூட்டம் குறைவு என்று இரவைத் தேர்ந்தெடுத்தோம், அதுவே பிழையாயிற்று. நம் தளத்தை நள்ளிரவில் நாடுவோர் சிலரே ஆயினும், தேவை மிகுந்தவர்கள் அவர்களே. அன்றியும், இரவில் பிழை நேர்ந்தால் உதவி கேட்க ஒருவரும் விழித்திரார். இப்பொழுது ஞாயிறு முற்பகலில், அருகில் ஒருவரை வைத்துக்கொண்டே செய்கிறோம். விழாவுக்கு முந்திய பத்து நாட்களில் எதையும் தொடுவதில்லை. மாற்றியபின், ‘கேச்’ எனப்படும் பழைய பக்கச் சேமிப்பை அகற்றி, தளத்துக்குள் நுழையாத வேறொருவரின் கைப்பேசியில் திறந்து பார்க்கிறோம். நம் திரையில் சரியாகத் தெரிவது பிறர் திரையில் தெரியாமற் போவதுண்டு.

கோப்பைத் திறந்து எழுதுவதற்கும் சில நெறிகள் உள. நிரல் எழுதவென்று உள்ள எளிய எழுதுகருவியிலேயே எழுதுக; கடிதம் எழுதும் மென்பொருளில் எழுதினால் மேற்கோட்குறிகள் வளைந்துவிடும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தவறினால், தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடக் கூடும்.

ஐந்தாவது, அஞ்சிப் புதுப்பிக்காமல் இருப்பதும் தவறே. ஒருமுறை சுட்டுக்கொண்டபின், புதிய பதிப்பே வேண்டாம் என்று தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி ஆறு மாதம் வாளாவிருந்தோம். அதுவும் பேதைமை. புதிய பதிப்புகள் அழகுக்காக மட்டும் வருவன அல்ல. பழையவற்றில் கண்ட ஓட்டைகளை அடைக்கவும் வருகின்றன. ஓட்டை இன்னதென்று ஊரறிந்தபின் அடைக்காமல் விடுதல், தாழ்ப்பாள் பழுதென்று தெருவில் பறைசாற்றிவிட்டு உறங்குதற்கு ஒப்பாகும். ஆகவே, புதிய பதிப்பு வந்ததும் அதன் மாற்றக் குறிப்பைப் படித்து, நகலெடுத்து, ஒத்திகை பார்த்து, பின்னர் மெய்த்தளத்தில் ஏற்றுக. சேய்த் தீம் வைத்திருப்போர்க்கு இன்னும் ஒரு கடமை உண்டு. தாயினின்றும் நகலெடுத்துச் சேயில் வைத்த பக்க அமைப்புக் கோப்புகள் அன்றைய நிலையிலேயே நின்றுவிடும். தாயில் பின்னர்ச் செய்யப்பட்ட சீர்திருத்தம் அவற்றுக்கு எட்டாது. ஆதலின் ஒவ்வொரு பெரும் பதிப்பின்போதும் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஆறாவது, பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் நிற்கலாகாது. அலுவலகத்தில் மாற்றலாகிச் செல்பவர், பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்தவரிடம் ‘சார்ஜ்’ ஒப்படைத்த பின்னரே வண்டி ஏறுகிறார். சங்கத்தின் தளத்துக்கும் அதுவே முறையாக வேண்டும். இன்று நிர்வாகி மின்னஞ்சல் தனியொருவருடையதன்று. சங்கத்தின் பொது முகவரியாக மாற்றிவிட்டோம். கடவுச்சொற்கள் இருவரிடம் உள்ளன. தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாள் சங்க நாட்குறிப்பில் எழுதப்பட்டுள்ளது. நிர்வாகப் பக்கத்தின் உள்ளிருந்து தீம் கோப்புகளைத் திருத்தும் வாயிலையும், ‘டிஸ்அலவ் ஃபைல் எடிட்’ என்னும் வரியை அமைப்புக் கோப்பில் இட்டு அடைத்துவிட்டோம். கடவுச்சொல் யாரேனும் தீயவர் கையில் சிக்கினாலும் அவ்வழியே அவர் கைவைக்க இயலாது. நமக்கும் அவசரத்தில் கைநீளாது.

இறுதியாக ஒரு பதிவேடு. இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றே போதும். தேதி, எந்தக் கோப்பு, முன்பு இருந்தது என்ன, இப்போது இருப்பது என்ன, எதற்காக, செய்தவர் யார் என்று ஆறு பத்திகள். கணினி வல்லுநர் ‘கிட்’ என்னும் கருவியால் இதனையே செய்கின்றனர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அதனை உருவாக்கினார். நம் இளைஞர்கள் அதனைக் கற்றுக்கொண்டால் மிக நன்று. கற்கும்வரை நோட்டுப் புத்தகம் நம்மைக் கைவிடாது. அதன் முதற்பக்கத்தில், தளம் வீழ்ந்தால் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: பதறாதே; புதிதாக எதையும் எழுதாதே; கடைசியாக மாற்றிய கோப்பின் பழைய நகலை அதனிடத்தில் வை; தளம் எழுந்தபின் பிழைப் பதிவேட்டைப் படித்துக் காரணம் தேடு.

அன்பர்களே! இம்முறைகளைக் கைக்கொண்ட பின்னும் இருமுறை பிழை நேர்ந்தது. இரண்டும் ஒத்திகைத் தளத்தில் நேர்ந்தன. வெளியே ஒருவரும் அறியவில்லை. எந்தக் குடும்பமும் நடைமேடையில் காத்திருக்கவில்லை.

நம் கண்பார்வையும் பொறுமையும் என்றும் இப்படியே இருக்கப்போவதில்லை. நமக்கும் ஒரு நாள் மாற்றல் உத்தரவு வரும். ஆதலின், கல்லூரியில் படிக்கும் நம் காலனிப் பிள்ளைகள் இருவரேனும் இப்பணிக்கு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். பெரிய படிப்பு வேண்டுவதில்லை; நிதானம் வேண்டும். ஞாயிறு முற்பகலில் சங்க அறைக்கு வாருங்கள். நோட்டுப் புத்தகமும் நாமும் அங்கே இருப்போம்.